மலை தீட்டியவருக்கு மனையில்லை

மலையைத் தீட்டலாம், மண்ணின் செம்மையைத் தீட்டலாம், அந்தப் படத்தை வாங்கி வரவேற்பறையிலே மாட்டச் சீமான்கள் போட்டியிடலாம். ஆனால், தீட்டியவர் அந்த மண்ணிலே ஒரு மனை வாங்கக் கூடாது! எங்கே இந்த நீதி என்கிறீர்களா, தோழர்களே? ஆஸ்திரேலியாவில்!

அந்த ஓவியர் ஆல்பர்ட் நமத்ஜிரா. கண்டத்தின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே, ஹெர்மன்ஸ்பர்க் என்னும் லூத்தரன் பாதிரிமார் குடியிருப்பில் 1902-ல் பிறந்தவர்; அரண்டா எனும் தொல்குடியினர். ஆல்பர்ட் என்ற பெயர்கூடத் திருமுழுக்கின்போது கிடைத்ததுதான்! 1936-ல் வெள்ளை ஓவியர் ரெக்ஸ் பாட்டர்பீக்கு ஒட்டகம் ஓட்டி வழிகாட்டினார். அந்த இரு மாதப் பயணத்திலே நீர்வண்ண ஓவியம் கற்றார். 1938-ல் மெல்போர்னில் அவரது முதல் தனிக் கண்காட்சி. 41 ஓவியங்கள், மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன!

என்ன தீட்டினார்? பாலை என்று பிறர் கடந்துபோன நிலத்தை. ஊதா நிற மக்டொனல் மலைத்தொடர், செம்பாறைப் பிளவு, முன்னே தனித்து நிற்கும் வெண்பட்டை யூகலிப்டஸ் மரம். ஐரோப்பியப் பாணியின் நகல் என உதட்டைப் பிதுக்கினர் விமரிசகர் சிலர். அவை அவருடைய முன்னோர் நிலம். ஒவ்வொரு குன்றுக்கும் அவர் இனத்தாரிடம் ஒரு கதை உண்டு. நகலெடுப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

புகழ் வந்தது, பொருள் வந்தது, வருமான வரி கேட்டு அரசும் வந்தது! உரிமை வந்ததா? 1949-ல் மேய்ச்சல் நிலக் குத்தகை கேட்டார், மறுத்தனர். 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்சில் வீடு கட்ட அனுமதி கேட்டார், மறுத்தனர். 1954-ல் கான்பெராவில் அரசியாரைச் சந்திக்க மட்டும் அழைத்துச் சென்றனர்!

1957-ல் அவருக்கும் மனைவி ரூபினாவுக்கும் குடியுரிமை அளித்தனர். பிள்ளைகளுக்கோ, உற்றாருக்கோ இல்லை. இனி அவர் மது வாங்கலாம். உறவினரோடு பகிர்ந்தால் குற்றம். இருப்பதைப் பங்கிட்டுண்பது அரண்டா மரபு. பங்கிட்டால் சிறை என்றது சட்டம்! வண்டியிலிருந்த ரம் புட்டியைத் தம் இனத்து ஓவியர் ஒருவர் எடுத்துக் குடிக்க விட்டார் என்று 1958-ல் வழக்கு. ஆறு மாதத் தண்டனை, மேல்முறையீட்டில் மூன்றானது. பப்புன்யா ஒதுக்கிடத்தில் இரண்டு மாதம் கழித்தார். வெளிவந்தவர் 1959 ஆகஸ்ட் 8-ல் மறைந்தார். வயது 57.

மறைந்த பிறகும் விடவில்லை! அவர் ஓவியங்களின் பதிப்புரிமையை அரசின் அறங்காவலர் 1983-ல் 8,500 டாலருக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்றார். குடும்பத்தாரைக் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடி, 2017-ல் அவர்கள் அதை மீட்டனர். அப்போது கைமாறிய விலை: ஒரு டாலர்.