குடிமராமத்தும் பிள்ளைகளின் பற்களும்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஏரியில் சீமைக் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தோம். கூட இருந்த என் பழைய மாணவர், "சார், இதெல்லாம் கவர்மென்ட் வேலைதானே?" என்றார். வாத்தியார் சும்மா இருப்பாரா?

ஏரி மராமத்து ஊர்க்காரர் வேலையாகத்தான் இருந்தது. கோடையில் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியும் கூடையுமாக வருவார். அள்ளிய வண்டல் வயலுக்கு எரு. தருமபுரி சேலம் ஜில்லாவில் இருந்த காலம். 1858இல் வெள்ளைக்காரன் கட்டாய வேலைச் சட்டம் போட்டு, இந்த வழக்கத்தைச் சட்டக் கடமையாக்கினான். முடிவெடுப்பது அலுவலகத்துக்குப் போனபின் ஊர் மெல்ல விலகிக்கொண்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. ஏரிக்கு ஆள் வரவில்லை.

ஏரி தூர்ந்தது, கிணறு வற்றியது, போர் போட்டோம். ஆழத்துப் பாறையிலிருந்து கரைந்த புளோரைடும் தண்ணீரோடு வந்தது. வகுப்பில் பிள்ளைகள் பழுப்பேறிய பல் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பல் தேய்க்க மாட்டாயா என்று விவரம் தெரியாமல் நானே ஒருவனைக் கடிந்திருக்கிறேன். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரி நீர் குழாயில் வந்தது. வயலுக்கு இன்றும் ஏரியும் கிணறும்தான். 2017இல் அரசே குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தது.

கேட்டவர் சிரித்தார். பழக்கத்தில் கை வாய்க்குப் போனது.

அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்கு மதகடியில் கூடுகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.