ஹோமோலோகேஷன்

வாகனத் தொழிலில் அன்றாடம் புழங்கும் சொல். 'வண்டி ஹோமோலோகேஷனுக்குப் போயிருக்கு' என்பார்கள். கிரேக்கத்தில் 'ஹோமோஸ்' என்றால் ஒரே. 'லோகோஸ்' என்றால் சொல். இரண்டும் சேர்ந்து பிறந்த வினைக்கு 'ஒத்துக்கொள்ளுதல்' என்று பொருள். நம்மிடம் 'வகை ஒப்புதல்' இருக்கிறது. பொருளைச் சொல்வதில் அதுவே மேல். ஒவ்வொரு வண்டியையும் அல்ல, வகைக்கு ஒரு மாதிரியைத்தான் சோதிக்கிறார்கள்.

வண்டியின் மின்னணுவியலுக்கு இந்த ஒப்புதலின் அடிப்படை ஐ.நா.வின் 10ஆம் எண் விதி. ஜெனீவாவில் 1958இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்கீழ் வருவது. அது கேட்பவை இரண்டு: உன் அலைகள் அடுத்தவர் வானொலியைக் கெடுக்கின்றனவா? அடுத்தவர் அலையில் நீ தடுமாறுகிறாயா? இரண்டாவதுதான் கடினம். அலை உறிஞ்சும் கூம்புகள் பதித்த அறையில், உருளைகள்மேல் வண்டியை 50 கி.மீ. வேகத்தில் ஓட்டி, மீட்டருக்கு 30 வோல்ட் வலிமையில் அலைகளைப் பாய்ச்சுவார்கள். வைப்பர் நின்றாலோ, முகப்பு விளக்கு அணைந்தாலோ, வேகம் தானாக மாறினாலோ தோல்வி.

தேறினால் வட்டத்துக்குள் 'ஈ' முத்திரை, கூடவே ஓர் எண்: ஜெர்மனிக்கு 1, நெதர்லாந்துக்கு 4. இது தயாரித்த நாடு அல்ல, ஒப்புதல் தந்த நாடு. பலரும் குழம்புவது இங்கேதான். அந்த உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இங்கே ஏ.ஐ.எஸ்.-004 என்ற தரநிலை உண்டு.

வண்டிக்கு மின்னணுக் கருவி வாங்கும்போது முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பக்கத்தில் 10ஆம் விதியைக் குறிக்கும் '10ஆர்' இருக்கிறதா என்றும் பாருங்கள்.