வளரச் சொல்லும் குருதி

கிரேக்கத் தொன்மத்தின் புரொமீதியஸை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். கழுகு பகலில் தின்ற ஈரல் இரவில் மீண்டும் வளர்ந்துவிடும் என்கிறார் ஹெசியட். ஈரலின் இயல்பை அறிந்துதான் கிரேக்கர் அக்கதையைப் புனைந்தனர் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. எனினும், கதை தொட்ட உண்மையை ஆய்வுக்கூடத்தில் எவரும் திரும்பச் செய்து பார்க்கத்தக்க முறையாக்கியவர்கள் அமெரிக்காவின் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும். 1931இல் அவர்கள் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி நீக்கினர். நீக்கிய மடல்கள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய மடல்களே பருத்து, ஏறத்தாழப் பத்து நாட்களில் பழைய எடையை எட்டிவிடுகின்றன.

அவற்றை வளரச் சொல்வது எது? 1967இல் மூல்டன், நான்சி புக்கர் இருவரும் ஈரல் வெட்டப்பட்ட எலியின் இரத்தத்தை வெட்டப்படாத எலியின் உடலிலும் சுற்றி ஓடச் செய்தனர். முழுமையாக இருந்த ஈரலின் செல்களும் பெருக ஆயத்தமாயின. ஆணை இரத்தத்தில் இருந்தது! 1984இல் ஜப்பானின் நகமுரா குழுவினர், ஈரல் வெட்டப்பட்ட எலிகளின் சீரத்தில் அத்தகைய ஒரு பொருளை இனங்கண்டனர். கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர்பெற்ற அந்தப் புரதத்தின் மரபணு 1989இல் பிரித்தறியப்பட்டது. ஈரல் காயமுற்றதும் இம்மரபணு விழித்தெழுவது ஈரலின் முதன்மைச் செல்களில் அன்று. அவற்றை அடுத்துள்ள துணைச் செல்களில். அதுமட்டுமன்று, தொலைவிலுள்ள நுரையீரலிலும் அது விழித்தெழுகிறது என்பது 1992இல் தெரியவந்தது. ஓர் உறுப்பின் துயருக்கு மற்றோர் உறுப்பு உதவிக்கு வருகிறது.

இவ்வரலாற்றின் பெரும் முரண் இனிமேல்தான் வருகிறது. மனித உடலின் இக்காரணியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988இல் தூய்மையாகப் பிரித்தெடுத்தது, கடும் கல்லீரல் செயலிழப்புக்கு உள்ளான நோயாளிகளின் பிளாஸ்மாவிலிருந்து. வளரச் சொல்லும் ஆணை அங்கேதான் மிகுந்திருந்தது. ஆயினும் அத்தகைய நோயாளிகளில் பலருக்கு ஈரல் மீளவில்லை.

காரணங்கள் பல. ஆணையை ஏற்க வேண்டிய செல்களில் பெரும்பகுதி மடிந்துவிடுகிறது. இக்காரணியை இரத்தத்திலிருந்து அகற்றும் பணியும் ஈரலுடையதே என்பதால், ஈரல் தளரத் தளர அதன் அளவு மேலும் ஏறுகிறது. பிழைத்த செல்களையும் வேறொரு காரணி மூப்படையச் செய்து பெருகவிடாமல் தடுக்கிறது என்று 2018இல் எலிகளில் காட்டப்பட்டது. ஆகவே, இரத்தத்தில் மிகுந்திருக்கும் வளர்ச்சிக் காரணி இங்கே நலத்தின் அறிகுறியன்று. பல வேளைகளில் அழிவின் அளவுகோல். ஈரல் தானாக மீளாது என்று தெளிவான நிலையில், மாற்று அறுவையே இன்றும் உயிர்காக்கும் வழி. சொல் எவ்வளவு உரத்து ஒலித்தாலும், கேட்பதற்குச் செவி எஞ்சியிருக்க வேண்டும்.