மிக்தாத் மிதத் பெதிர்கான்

உதுமானியப் பேரரசின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த குர்து இதழாளர், பதிப்பாளர். குர்து மொழியின் முதல் செய்தித்தாளான ‘குர்திஸ்தா’னை 1898 ஏப்ரல் 22 அன்று கெய்ரோவில் தொடங்கியவர்.

இவருடைய தந்தை பெதிர்கான் பெக், டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள ஜசீராவிலிருந்து (இன்றைய துருக்கியின் சிஸ்ரே) போத்தான் நாட்டை ஆண்ட கடைசி அமீர். மலைநாட்டுச் சிற்றரசுகளை ஒழித்து நேரடி ஆட்சியை நிறுவ இஸ்தான்புல்லிலிருந்த உதுமானிய அரசு முனைந்தபோது அவர் பணிய மறுத்தார். 1843இலும் 1846இலும் அவருடைய படைகள் ஹக்காரிப் பகுதியில் நெஸ்தோரியக் கிறித்தவர்களைக் கொன்று குவித்தன. அதைக் கண்டித்து ஐரோப்பிய அரசுகள் சுல்தானை நெருக்கின. உதுமானியப் படை திரண்டு வர, 1847இல் அமீர் சரணடைந்தார். அவ்வாண்டின் இறுதியில் ‘குர்திஸ்தான்’ என்றொரு மாகாணத்தை அரசே அமைத்தது. அரை நூற்றாண்டு கழித்து அதே பெயரில் வந்த மகனுடைய இதழுக்குத் தடை விதித்ததும் அதே அரசுதான்.

அமீரின் குடும்பம் கிரீட் தீவுக்கு நாடு கடத்தப்பட்டது. அவர் டமாஸ்கஸில் காலமானார். ஏராளமான அவருடைய பிள்ளைகளில் பலர் பிற்பாடு அரசுப் பதவிகளில் அமர்ந்தனர். இஸ்தான்புல்லில் இக்குடும்பத்துச் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னவர் கவிஞர் ஹாஜி காதிர் கோயி. தாய்மொழியில் எழுதாத குர்துக் கற்றோரைக் கடிந்து பாடியவர். மிக்தாத்தின் இதழ்ப்பணியில் அவருடைய தாக்கம் இருந்திருக்கலாம்.

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் தணிக்கை இஸ்தான்புல்லில் கடுமையாக இருந்தது. 1882 முதல் பிரிட்டன் பிடியிலிருந்த எகிப்தில் அந்தக் கெடுபிடி இல்லை. நான்கு பக்க இதழ், ஜுர்ஜி ஸைதானின் அல்-ஹிலால் அச்சகத்தில் அரபு எழுத்தில், குர்மாஞ்சி வழக்கில் அச்சாகத் தொடங்கியது. பள்ளி திறவுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று பெக்குகளையும் முல்லாக்களையும் மிக்தாத் ஓயாமல் வற்புறுத்தினார். அகமது கானியின் 17ஆம் நூற்றாண்டுக் காவியமான ‘மெம் உ சின்’ இரண்டாம் இதழிலிருந்து தொடராக வந்தது. அதுவரை பெரும்பாலும் கையெழுத்துப் படிகளிலேயே வழங்கிவந்த நூல் அது. பதிப்பாளராக அவர் செய்த ஆகப் பெரிய காரியம் இதுவே எனலாம். குர்துப் பகுதிகளுக்குள் இதழ் நுழையத் தடை விழுந்தது. அதை நீக்கக் கோரி சுல்தானுக்கே இதழ் வழியாக மடல் எழுதினார், பலனில்லை. பிரதிகள் சிரியா வழியாகக் கள்ளத்தனமாகப் போய்ச் சேர்ந்தன.

ஐந்து இதழ்களுடன் மிக்தாத் விலகினார். தம்பி அப்துர் ரகுமான் பொறுப்பேற்று ஜெனீவா, கெய்ரோ, லண்டன், ஃபோக்ஸ்டன் என இடம் மாற்றி மாற்றி 1902 வரை, மொத்தம் 31 இதழ்கள் வெளிவரச் செய்தார். அவர் காலத்தில் துருக்கிப் பக்கங்கள் கூடின. சுல்தான் மீதான தாக்குதலும் காரமேறியது. 1932இல் டமாஸ்கஸிலிருந்து லத்தீன் எழுத்தில் குர்து இதழான ‘ஹாவா’ரைத் தொடங்கிய ஜெலாதத் அலி, இவர்களுடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை.

ஏப்ரல் 22 இப்போது குர்து இதழியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.