கரிசல் வெளியில் நிரப்பொளி: கோவில்பட்டி வட்டார உருவப்படக் கலையை முன்வைத்து

முன்னுரை

வெயிலில் நிற்பவரின் முகத்தில் படியும் நிழலைச் சிறிதளவு பிளாஷ் வெளிச்சத்தால் தணிக்கும் முறை நிரப்பொளி எனப்படும். பட்டப்பகலில் பிளாஷ் எதற்கு என்னும் ஐயம் இயல்பானது. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டில் அவ்வையத்திற்கு நிலமே விடையளிக்கிறது. முகத்து நிழலைத் தணிக்கும் பணி டச்சிங் பென்சிலிலிருந்து பிளாஷுக்கு மாறியபோது, முகத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் இடமும் மாறியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிலமும் வெயிலும்

கோவில்பட்டி ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் ஞாயிறு தலைக்கு நேர்மேலே நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்களையும், மூக்கின் நிழல் மேலுதட்டையும் மறைக்கின்றன. உலர்ந்த வெண்மணல் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மேல்நோக்கித் திருப்பும். ஈரக் கரிசல் பத்தில் ஒரு பங்கைத் திருப்புவதே அரிது; உலர்ந்த கரிசலும் மணலைவிட மங்கலானதே. கடற்கரையில் தரையே செய்துவிடும் பணியைக் கரிசலில் ஒளிப்படக் கலைஞர் செய்ய வேண்டியுள்ளது.

தூரிகையும் பென்சிலும்

நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டிய சி. கொண்டையராஜு (1898–1976) 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும் டி. எஸ். சுப்பையா உள்ளிட்ட சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகள் வழியாக வீடுதோறும் சென்றன. அத்தெய்வ முகங்களில் கடுநிழல் இல்லை. ஒளி எங்கும் சமமாகப் பரவியிருக்கும்.

ஸ்டுடியோக்களில் இத்தகைய சமவொளி முகத்தைப் பெறப் பயன்பட்டது நெகட்டிவ் டச்சிங். நெகட்டிவில் பென்சிலால் தீட்டிய பகுதி அச்சில் வெளுக்கும். கருமையைக் கூட்டவோ கத்தியால் மருந்துப்பூச்சைச் சுரண்ட வேண்டும். அது கடினமும் இடரும் மிக்கது. ஆகவே கருவியின் இயல்பே முகத்தை வெளுக்கச் செய்யும் திசையில் சாய்ந்திருந்தது எனலாம். நிழலோடு உழைப்பாளியின் நிறமும் மறைய அதில் இடமிருந்தது. அம்முடிவு, படம் எடுத்துக்கொண்டவர் சென்ற பின்னரே எடுக்கப்பட்டது.

பிளாஷின் கணக்கு

1887இல் ஜெர்மனியில் அறிமுகமான மக்னீசியப் பிளாஷ் பொடியும், 1930ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த பிளாஷ் பல்பும் முதன்மையாக இருளுக்காக உருவானவை. வெயிலில் அவற்றின் வழிவந்த மின்னணு பிளாஷைப் பயன்படுத்துவதற்கு வேறொரு கணக்கு தேவைப்பட்டது. லென்சின் துளை வெயிலையும் பிளாஷையும் ஒருங்கே கட்டுப்படுத்தும். ஷட்டர் வேகம் வெயிலை மட்டுமே கட்டுப்படுத்தும். இவ்வேறுபாட்டை உணர்வதே நிரப்பொளிக் கல்வியின் முதற்படி.

1976இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே1000 கேமராவில் பிளாஷுக்கு இசைந்த உச்ச வேகம் 1/60 நொடி. 100 ஏஎஸ்ஏ பிலிமில் கடும் வெயிலுக்கு அவ்வேகத்தில் துளையை 22க்குக் குறுக்க வேண்டும். வழிகாட்டி எண் 28 மீட்டர் கொண்ட பிளாஷின் முழு ஒளி அந்நிலையில் 1.3 மீட்டர் வரையே எட்டும். நிரப்பொளிக்கு நான்கில் ஒரு பங்கு போதும் என்பதால் ஏறத்தாழ 2.5 மீட்டரில் நின்று எடுக்கலாம். லென்சுக்குள்ளேயே ஷட்டர் அமைந்த கேமராக்களில் 1/500 நொடியிலும் பிளாஷ் இசையும். துளை 8இல் அதே விளக்கு 7 மீட்டர் தொலைவிலும் பயன்தரும்.

நிறமும் அளவும்

தானியங்கி பிளாஷ் திரும்பிவரும் ஒளியை அளந்து தன்னை நிறுத்திக்கொள்கிறது. வெள்ளை வேட்டி சட்டத்தை நிறைத்தால் அது விரைவில் நின்று முகத்தை இருட்டாக்கும். பின்னணியில் கரிசல் காடு விரிந்தால் ஒளி குறைவாகவே திரும்பும். பிளாஷ் கூடுதலாக ஒளியைப் பொழிந்து முகத்தை வெளுக்கச் செய்யும். எனவே டச்சிங் இழைத்த குறையைப் பிளாஷும் இழைக்கக்கூடும். ஆயினும் பிளாஷில் பிழையைத் தவிர்க்க வழியுண்டு: தானியங்கியை விடுத்துத் தொலைவைக் கணக்கிட்டு ஒளியைக் குறைக்கலாம்.

முடிவுரை

நிழலை அறவே அகற்றுவது நிரப்பொளியின் நோக்கமன்று. கண்கள் தெரியவேண்டும், வெயிலின் சுவடும் தோலின் நிறமும் எஞ்சவேண்டும். கருவி மாறியதால் மட்டும் இது கைகூடவில்லை. இருட்டறைக்கு அருகில் பின்னர் எடுக்கப்பட்ட முடிவு, படம் எடுத்துக்கொள்பவரின் முன்னிலையில், தொலைவையும் துளையையும் தேர்ந்துகொள்ளும் கணத்திற்கு இடம்பெயர்ந்தது. கரிசல் மக்களின் உருவப்படங்களை ஆராய்வோர், ஒரு முகம் வெளுத்திருப்பதைக் காணும்போது அது வெயிலால் நேர்ந்ததா, பென்சிலால் நேர்ந்ததா, பிளாஷால் நேர்ந்ததா எனப் பிரித்தறிவது இன்றியமையாதது.