கண்ணாடி இல்லாத காமிராவும் அவனியாபுரத்துத் தெருவும்

தை முதல் நாள் அவனியாபுரம் வாடிவாசலுக்கு எதிரே, தடுப்புக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். மாடு பாய்ந்து வெளியே வரும் கணத்தில் இருபது முப்பது காமிராக்கள் சடசடவென்று பொரிந்து தள்ளும், சட்டியில் சோளம் வெடிக்கிற மாதிரி. சில வருடங்களாகவே அந்தச் சத்தம் குறைந்துகொண்டு வருகிறது. குறைந்தது காமிரா அல்ல, அதற்குள் இருந்த கண்ணாடி. போன பொங்கலில் காளையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "என்னண்ணே, எடுத்தீங்களா இல்லையா? சத்தத்தையே காணோம்?" பதினைந்து படம் எடுத்து முடித்திருந்தேன்.

எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாக நிற்கும். வருகிற வெளிச்சத்தை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே மடங்கி, பிலிமுக்கோ சென்சாருக்கோ வழிவிட்டு மறுபடி இறங்கும். 'டக்' என்ற அந்த ஓசையில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையது. மிரர்லெஸ் காமிராவில் அது கிடையாது. சென்சாரில் விழுவதை நேராகச் சின்னத் திரையில் பார்க்கிறோம். 2008இல் பானசோனிக் ஜி1 வந்தபோது இதைப் புரட்சி என்றார்கள். விற்கிறவர்களுக்கு எதுவும் புரட்சிதான்.

வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் கதை வேறு. 1858இன் தொடக்கத்தில் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பின் பெட்டியிலும் அப்படியொரு கண்ணாடி இல்லை. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடிப் பலகையில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்து எடுப்பது அக்கால முறை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான ராணுவ அதிகாரி அவர். 1857 கலகம் இன்னும் அடங்காத நேரம். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், வைகை எல்லாம் பதிவாயின. மனிதர்கள்தான் அபூர்வம். நெகட்டிவுக்கு நீண்ட நேரம் வெளிச்சம் வேண்டும், நடமாடுகிறவன் பதியமாட்டான் என்பது தொழில்நுட்பக் காரணம். ஆனால் மேகத்தை நெகட்டிவில் தீட்டிச் சேர்க்க நேரம் கண்டவர் அவர். கம்பெனிக்கு வேண்டியிருந்தது கட்டடம், குடிகள் அல்ல என்று நான் வாசிக்கிறேன். அந்தத் துறையும் 1860இல் செலவு அதிகம் என்று மூடப்பட்டது.

அடுத்து வந்தது ஸ்டூடியோ. அங்கே சனங்கள் தாமே போனார்கள், தலை வாரி, இரவல் வாட்ச் கட்டிக்கொண்டு. எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்ததில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. யாஷிகா இரட்டை லென்ஸ் பெட்டியிலும் கண்ணாடி உண்டுதான், ஆனா அது அசையாது. 1954இல் அசாஹிஃப்ளெக்ஸில் கண்ணாடி தானாகவே உடனே கீழே இறங்கக் கற்றுக்கொண்டது. 1959இல் நிக்கான் எஃப் வந்தது. நம்மூர்க் கல்யாண மண்டபங்களுக்குள் பென்டாக்ஸ் கே1000 எல்லாம் நுழைந்தது அதற்கும் பிந்தி. ஆக, மடங்கி எழும் கண்ணாடி சாதாரணப் புகைப்படக்காரனிடம் இருந்தது சில பத்தாண்டுகள்தான். அதற்கு முன்னும் பின்னும் கண்ணாடி இல்லாத காலமே.

பிறகு எது மாறியது? கண்ணாடி போனதும் லென்ஸ் சென்சாரை நெருங்கிவிட்டது. நிக்கானின் பழைய எஃப் அமைப்பில் 46.5 மில்லிமீட்டர், இசட் அமைப்பில் 16. கிடைத்த இடைவெளியில் ஒரு வளையத்தை மாட்டினால் பழைய சோவியத் ஹீலியோஸ் லென்ஸ்கூட உட்காரும். கையில் காசில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஓசை போனதை நான் அப்படிக் கொண்டாடமாட்டேன். 'டக்' என்பது எடுக்கப்படுகிறவருக்குப் போன தகவல். அதைக் கேட்டு முகத்தைத் திருப்பலாம், "எதுக்கு எடுக்குற?" என்று சண்டைக்கு வரலாம். அந்த உரிமை யாரும் கேட்காமலே பறிபோயிருக்கிறது. செல்போன் ஏற்கெனவே பறித்ததுதானே என்பீர்கள். செல்போனை நீட்டியாவது பிடிக்க வேண்டும், நூறடிக்கு அப்பாலிருந்து நீளமான லென்ஸில் எடுக்கிறவனுக்கு அதுகூட வேண்டாம்.

லென்ஸ்கள் எங்கே குவிகின்றன என்பதும் இதில் அடங்கும். 2014இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 சனவரியில் போராட்டம், அந்த வருடம் பிப்ரவரி 5இல் அவனியாபுரத்தில் மறுபடி மாடு அவிழ்ந்தது. அன்றிலிருந்து ஒரே ஒரு நாளைக்குக் காமிராக்கள் இங்கே வந்து குவிந்துவிட்டுப் போய்விடுகின்றன. இதே அவனியாபுரத்தின் வெள்ளக்கல்லில்தான் நகரத்துக் குப்பை கொட்டப்படுகிறது. அங்கே கிளறிப் பொறுக்குகிற கைகளுக்கு வாடிவாசல் கிடையாது, காலரியும் கிடையாது. டிரைப்பின் ஆளில்லாத மதுரை நம் காலத்திலும் இப்படித்தான் தொடர்கிறது. விதிவிலக்குகள் உண்டு. மதுரைப் பக்கத்து ஜவகர்லால்புரத்தில் வளர்ந்த எம். பழனி குமார், மீன் விற்கும் அம்மா பட்ட கடனில் வந்த காமிராவோடு தொடங்கியவர். 2017இல் வெளியான திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார், துப்புரவுத் தொழிலாளர்களைத் தொடர்ந்து எடுத்துவருகிறார். அவர் படங்களில் இருப்பவர்கள் தாங்கள் எடுக்கப்படுவதை அறிந்தவர்கள். காமிராவில் ஓசை உண்டா இல்லையா என்பது அங்கே பிரச்சினையே அல்ல.

கேள்வி கேட்ட அந்தப் பையனின் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓசையில்லாமல் எடுத்தால் பெரும்பாலான சென்சார்கள் பிம்பத்தை வரிவரியாகத்தான் வாசிக்கும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே மாடு நகர்ந்துவிடும், உருவம் சாய்ந்து விழும். அவன் அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மகன் நல்லாத்தான் இருக்கான். ஆனா எங்க மாட்டுக்கு எப்பய்யா கொம்பு இப்படிச் சாஞ்சு கெடந்துச்சு?"