கடை மூடினாலும் திறக்கிற அலமாரி

போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது, ரப்பர் பேண்ட் போட்ட 11 ஃப்ளாப்பிகள் கிடைத்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. கதையோடு கொஞ்சம் வரலாறும் உண்டு.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஃபயர் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். எங்கள் பகுதியில் பட்டாசுத் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். தொண்ணூறுகளின் கடைசியில் சம்பளக் கணக்கு கம்ப்யூட்டருக்கு மாறியது. வெளியூர்க்காரர் ஒருவர் அதற்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தார். அதற்கு ஒரு பூட்டும் உண்டு. பிரிண்டர் வயர் சொருகும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை. அது இல்லாவிட்டால் ப்ரோக்ராம் திறக்காது.

ஒரு ஐப்பசி இடியில் அந்தப் பூட்டு கருகிப்போனது. எழுதிக் கொடுத்தவரைத் தேடிப் போனால், கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, விபத்தில் இறந்துபோன ஒரு தொழிலாளியின் மனைவி வந்து நின்றார். “அண்ணாச்சி, அவுக வாங்குன சம்பளத்துக்கு ஒரு கணக்கு எழுதித் தாங்க. கேஸுக்குக் கேக்காக.”

அப்போது இருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நஷ்டஈட்டுத் தொகையை இறந்தவரின் மாதச் சம்பளத்தையும் வயதையும் வைத்துத்தான் கணக்கிட்டார்கள். சம்பளத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் தொகை குறையும். ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். மாதவாரியாக ஃபைல்களின் பெயர் வரிசையாக நின்றது. திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கல். கணக்கு எழுதியவன் நான், சம்பளம் வாங்கியவர் அவர், சாவி மட்டும் யாரிடமோ!

மூன்று ராத்திரி குடோனில் உட்கார்ந்து, கைநாட்டு வைத்த பழைய சம்பளத் தாள்களைத் தேடி எடுத்தேன். அந்த அம்மாவுக்குத் தொகை கிடைத்தது. காகிதம்தான் காப்பாற்றியது.

வருஷங்கள் ஓடின. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. பிளஸ் டூ படித்த என் பேத்திக்கும் வந்தது. அதில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்று இன்னொன்றும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. திறந்து பார்த்தால் ‘கோப்பு’, ‘அடைவு’ என்று தமிழிலேயே எழுதியிருந்தது. “இது யாரு கம்பெனி?” என்றேன். “கம்பெனி இல்ல தாத்தா. எப்படிச் செஞ்சாங்கன்னு யாரு வேணாலும் பாக்கலாம், மாத்தலாம்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அங்கிருந்த பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கியது. ப்ரோக்ராமைத் திருத்தி அதைச் சமாளிக்க நினைத்தார். மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அப்படிப் பட்ட அனுபவங்களால், 1983-இல் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். ஒருமுறை திறந்துவிட்ட நிரலை, பிறகு யாரும் பூட்டிக்கொண்டு விநியோகிக்க முடியாதபடி 1989-இல் ஓர் உரிமமும் எழுதினார். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைக் கொண்டுவந்தார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அந்தத் தொழில் இரண்டு பேரோடு நின்றிருந்தால் இந்தக் கந்தக பூமியில் இத்தனை அடுப்பு எரிந்திருக்குமா?

என்னை அதிகம் உட்காரவைத்தது ‘நாட்டிலஸ்’ கதை. அந்த லினக்ஸில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அலமாரி அதுதான். விண்டோஸுக்கு எக்ஸ்புளோரர் எப்படியோ அப்படி. 1984-இல் வந்த மெக்கின்டாஷை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டும் நண்பர்களும் 1999-இல் ‘ஈசல்’ என்ற கம்பெனி ஆரம்பித்து இதைச் செய்தார்கள். பெயரைப் பாருங்கள், நம் மழைக்கால ஈசல் மாதிரியே ஆயிற்று. 2001 மார்ச்சில் முதல் பதிப்பு வந்தது. மே மாதம் பணமில்லாமல் கம்பெனி மூடிவிட்டது.

என் சம்பளக் கணக்கு ப்ரோக்ராமுக்கு ஆன கதிதான் இதற்கும் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தது. ‘க்னோம்’ குழுவினர் எடுத்து வளர்த்தார்கள். 2012-இல் அதிலிருந்து சில வசதிகளை நீக்கியபோது, பிடிக்காத லினக்ஸ் மின்ட் ஆட்கள் பிரதி எடுத்து ‘நெமோ’ என்று தனிக்குடித்தனம் போனார்கள். சண்டை இல்லை, கோர்ட்டு இல்லை.

மைக்ரோசாஃப்டும் 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் கொடுத்த பழைய ஃபைல் மேனேஜரின் மூலநிரலை 2018-இல் திறந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் கழித்து!

திறந்த நிரல் என்றால் எல்லாம் சாசுவதம் என்று நான் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அதுவும் பாழடைந்த வீடுதான். ஆனால் அடுத்தவர் வந்து கூரை மாற்றத் தடை இல்லை. இன்னொன்று, அலமாரி திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் ஏடும் படிக்கிற வடிவில் இருக்க வேண்டும். இப்போது நான் எழுதுவதையெல்லாம், 2006-இல் ஐ.எஸ்.ஓ. தரமாக ஏற்ற ஓ.டி.எஃப். வடிவில்தான் சேமிக்கிறேன். முக்கியமானதை அச்சடித்தும் வைக்கிறேன். கைநாட்டுத் தாள் கற்றுக்கொடுத்த பாடம்.

கடைக்கோ ஆபீஸுக்கோ ப்ரோக்ராம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “நாளைக்கு நீங்க கடையை மூடிட்டா, என் கணக்கை நான் எப்படித் திறப்பேன்?” பதில் சொல்லத் தயங்கினால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஃப்ளாப்பிகளை மறுபடி பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.